ரெண்டு ஸ்ட்ரோக் வந்த மிஷின்

சுனைமடை ஊர்க்காரர்களைப் பற்றி வெளியூரில் பலவிதமாகப் பேசுவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். சொன்னால் சொன்னபடி செய்கிறவர்கள் என்று மட்டும்தான் சொல்வேன். நீங்கள் வாயால் என்ன சொன்னீர்களோ அதையேதான் செய்வார்கள். ஒரு எழுத்து கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அவர்களுக்கு வந்த சிரமமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அந்த வருஷம் ஆனி மாதம், வெள்ளிக்கிழமை காலையில் அணையைத் திறக்கப் போகிறார்கள், மூன்று நாளைக்கு மட்டும் தண்ணீர் விடுவார்கள் என்று தகவல் வந்தது. சுனைமடை வயலுக்குத் தண்ணீர் வர ஒரே ஒரு வாய்க்கால்தான். ஒரு கிலோமீட்டர் நீளம் இருக்கும். மூன்று வருஷமாக யாரும் இறங்காததால் புல்லும் கோரையும் அதில் ஆள் உயரத்துக்கு நின்றன. தண்ணீர் வந்தால் அந்தப் புல்லில் முட்டிக்கொண்டு, திரும்பிப் பக்கத்து ஊர்க் குளத்துக்குப் போய்விடும். இங்கே நாற்றங்காலில் நாற்று இருபது நாள் பயிராக நின்றது. தண்ணீர் வயலுக்கு வராவிட்டால் அந்த வருஷம் நடவு கிடையாது.

பஞ்சாயத்துத் தலைவி செண்பகவடிவு ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டினாள். எல்லாருமாக இறங்கிப் புல்லைப் பிடுங்கினால் என்ன என்று ஒருவர் கேட்டார். இருப்பது ஒரு வாய்க்கால், இருநூறு பேர் இறங்கினால் இடம் பத்தாது என்று பதில் வந்தது. அது நியாயமாகப் பட்டதால் புல் வெட்டும் மிஷின் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று.

மிஷினுக்குப் பொறுப்பாக நான்கு பேரைப் போட்டார்கள். கொம்பையா மூத்தவர். தளவாயும் மாசானமும் அவருடைய தம்பிகள். நான்காவது ஆள் ஆவுடையப்பன், இவர்களுடைய அக்காளைக் கட்டியவர். நான்கு பேரும் எந்தக் காரியத்தையும் கலந்து பேசாமல் செய்ய மாட்டார்கள். அதனால்தான் அவர்களைப் போட்டது.

திங்கட்கிழமை டவுனுக்குப் போனார்கள். அங்கே எட்வின் என்பவர் பம்புசெட்டு, மரம் அறுக்கிற மிஷின், மருந்தடிக்கிற மிஷின் எல்லாம் விற்றுப் பழுதும் பார்க்கிறவர். நல்ல பொறுமைசாலி. அந்த வாரம்தான் அது அவருக்கே தெரிந்தது. தோளில் மாட்டுகிற மாதிரி நீளக் குழாய், பின்னால் இன்ஜின், முன்னால் பிளேடு என்று ஒரு மிஷினை எடுத்துக் கொடுத்தார். கயிற்றை இழுத்து ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டினார். பிறகு பிளேடைக் கழற்றித் தனியாகக் கையில் கொடுத்து, விவரம் சொன்னார்.

"இது டூ ஸ்ட்ரோக் மிஷின். வெறும் பெட்ரோல் ஊத்தினா செத்துரும். லிட்டருக்கு இருபது மில்லி ஆயில் கலக்கணும். அந்த ஆயிலையும் பாத்து வாங்கணும், கண்டதையும் ஊத்தக் கூடாது. எங்கிட்ட இப்ப ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்கிடுங்க. பிளேடு கூர்மையா இருக்கும். பிள்ளைங்க கைக்கு எட்டாம வையுங்க."

நான்கு பேரும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார்கள்.

பஸ் டவுன் எல்லையைத் தாண்டும் வரை நான்கு பேரும் மிஷினையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் மனசு கனத்திருந்தது. கடைசியில் தளவாய்தான் சொன்னான், அவனுடைய மாமனாருக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக் வந்ததற்கே இடது கை விழுந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார் என்று. இதற்கு ரெண்டு வந்திருக்கிறது. பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது, அதற்குள் இப்படி.

"எட்வின் அண்ணாச்சி நல்ல மனுசன். மறைக்காமச் சொல்லிட்டாரு பாத்தியா" என்றார் கொம்பையா.

ஆவுடையப்பன் மிஷினை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். ஜன்னல் காற்று படாமல் துண்டால் போர்த்தினார்.

ஊர் வந்ததும் முதல் வேலையாகப் பிளேடை எங்கே வைப்பது என்று யோசித்தார்கள். பரண் மேல் வைக்கலாம் என்றால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏணி போட்டு ஏறிவிடுவார்கள். கூரை மேல் வைத்தாலும் அதே கதைதான். கடைசியில் தேங்காய் வெட்டுகிற ஆளைக் கூப்பிட்டு, ஊரிலேயே உயரமான தென்னையின் உச்சியில், குருத்துக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னார்கள். அவன் கட்டிவிட்டு இறங்கி, மைத்துனன் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போய்விட்டான். பிள்ளைகள் கைக்கு அது எட்டவில்லை. வேறு யார் கைக்கும்தான் எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பொன்னுலிங்க வைத்தியரைப் பார்க்கப் போனார்கள். தளவாயின் மாமனாரை எண்ணெய் போட்டுத் தேய்த்து நடக்க வைத்தவர் அவர்தான். மிஷினைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், உடம்பு முடியாதது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். ரெண்டு தடவை ஸ்ட்ரோக் வந்திருக்கிறது, நல்ல ஆயிலாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். வைத்தியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பேச்சு வருதா?"

"நேத்து ஒரு தடவ சத்தம் குடுத்துச்சு. பிறகு இல்ல" என்றார் கொம்பையா.

"ஆகாரம்?"

"தண்ணியாத்தான் இறங்கும்."

"இப்ப எப்படி வச்சிருக்கீங்க?"

"சுவத்துல சாத்தி வச்சிருக்கோம்."

வைத்தியருக்குக் கோபம் வந்துவிட்டது. முடியாத உயிரைச் சுவரில் சாத்தி வைப்பார்களா, பாயைப் போட்டுப் படுக்க வையுங்கள் என்றார். படுக்க வைத்துப் பார்த்தோம், வாய் வழியாக ஒழுகுகிறது என்றான் மாசானம். வைத்தியருக்குக் கோபம் போய் இரக்கம் வந்தது. ரெண்டு தடவை வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, ஒரு பாட்டில் தைலம் கொடுத்தார். கழுத்திலிருந்து கீழ் நோக்கி நீவிவிட வேண்டும். அரை மணி நேரம் இளவெயிலில் வைத்து, வெந்நீரில் குளிப்பாட்ட வேண்டும். நொய்க்கஞ்சி கொடுத்தால் தெம்பு வரும்.

தைலம் தேய்ப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. மிஷினுக்குக் கழுத்து எது என்று தெரியவில்லை. குழாய் முழுவதும் கழுத்துதான் என்று தளவாய் சொன்னான். அப்படியென்றால் உடம்பு எங்கே என்று மாசானம் கேட்டான். ஒரு மணி நேரம் பேசியும் முடிவு வராததால் முழுவதும் தேய்த்துவிட்டார்கள். இளவெயிலில் வைத்தார்கள். ஆவுடையப்பன் வெந்நீரை முழங்கையில் விட்டுச் சூடு பார்த்துப் பார்த்து ஊற்றினார். சீயக்காய் கண்ணில் படக்கூடாது என்று எல்லாரும் கவனமாக இருந்தார்கள்.

கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தபோதுதான் மாசானத்துக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணே, கண்டதையும் ஊத்தக் கூடாதுன்னு அண்ணாச்சி சொன்னாரே. இந்தக் கஞ்சிய நாம கண்டுட்டமே."

எல்லாரும் கஞ்சியைப் பார்த்தார்கள். பார்த்த பிறகு இன்னும் மோசம் என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண்டதை ஊற்றக் கூடாது, காணாததை எப்படி ஊற்றுவது? வெகுநேரம் யோசித்து கொம்பையா ஒரு வழி சொன்னார். பார்த்த கஞ்சியை மாட்டுக்கு வைத்துவிட்டு, புதிதாக ஒரு கஞ்சி காய்ச்சுவது. காய்ச்சுகிற கொம்பையா மனைவி அதைப் பார்த்தால் பரவாயில்லை, அவளிடம் எட்வின் அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. இவர்கள் நான்கு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊற்றுவது.

அப்படியே செய்தார்கள். முக்கால் கஞ்சி ஆவுடையப்பன் காலில் விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. மீதிக் கால் கஞ்சி மிஷினுக்குள் போய்ச் சேர்ந்தது. கண்ணை அவிழ்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தார்கள். மிஷின் ஒரு தடவை விக்கியது. அதோடு சரி.

புதன்கிழமை காலையில் மிஷினைப் பாயோடு தூக்கிக்கொண்டு எட்வின் கடைக்குப் போனார்கள். எட்வின் டேங்கைத் திறந்து பார்த்தார். விரலை விட்டு ஒரு பருக்கையை எடுத்தார். அதை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வைத்தியரைப் பார்த்ததிலிருந்து கஞ்சி ஊற்றியது வரை கொம்பையா ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும், தைலத்தைக் கழுத்தில் தேய்த்தது சரிதானா என்று கேட்டார்.

எட்வின் கடைப் பலகையைச் சாத்திவிட்டு மதியம் வரை அந்த இன்ஜினைக் கழற்றிக் கழுவினார். பிறகு நான்கு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்து, ஸ்ட்ரோக் என்றால் வியாதி இல்லை, உள்ளே பிஸ்டன் மேலே ஒரு தடவை கீழே ஒரு தடவை போய் வருவதைத்தான் அப்படிச் சொல்வது என்று விளக்கினார். மிஷினுக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டதும் ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும், அதனால் அதற்கென்று உள்ள ஆயில்தான் வேண்டும் என்றும் எட்வின் சொன்னார். காருக்கு ஊற்றுகிறது வேண்டாம். படகு இன்ஜினுக்கு ஊற்றுகிறது வேண்டாம். படகு ஆயில் ஏன் வேண்டாம், வாய்க்காலில் தண்ணீர்தானே வரப்போகிறது என்று தளவாய் கேட்டான். படகு இன்ஜினைத் தண்ணீர் குளிர வைக்கும், இதைக் காற்றுதான் குளிர வைக்க வேண்டும், இது அதைவிடக் கொதிக்கும், சூடு தாங்குகிற ஆயிலாக இருக்க வேண்டும் என்று எட்வின் பதில் சொன்னார். சொல்லிவிட்டு, இவ்வளவு சொல்லியிருக்கக் கூடாதோ என்று யோசித்தவர் போல நிறுத்தினார். எப்படி வாங்குவது என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லி முடித்தார்.

"பெட்ரோல் பங்க் இருக்குல்லா, அங்க போயி டூ டி ஆயில்னு கேளுங்க. அவ்வளவுதான். லிட்டருக்கு இருபது மில்லி. நல்லாக் குலுக்கிட்டு ஊத்துங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

பங்க் வாசலில் நான்கு பேரும் நின்றார்கள். டூ டீ என்றால் ரெண்டு டீ என்று மாசானத்துக்குத் தெரியும். அவன் எட்டாவது வரை படித்தவன். ரெண்டு டீ, ஒரு ஆயில். ஆனால் பங்கில் டீ எங்கே கிடைக்கும்? பங்குக்காரரைக் கேட்டதற்கு, டீ எதிர்த்த கடையில் என்று கையைக் காட்டினார். பெட்ரோலை மட்டும் கேனில் வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்கள்.

எதிரே அன்னபாக்கியம் என்ற அம்மாளின் டீக்கடை. ரெண்டு டீயும் இருபது மில்லி ஆயிலும் வேண்டும் என்று கொம்பையா கேட்டார். அந்த அம்மாள் இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறவள். எதையும் ஏன் என்று கேட்பதில்லை. ரெண்டு டீ போட்டு வைத்துவிட்டு, எந்த ஆயில் என்று மட்டும் கேட்டாள். கடையில் ரெண்டு ஆயில் இருந்தன. ஒன்று பிரிக்காத பாக்கெட்டில் பாமாயில். இன்னொன்று வடைச் சட்டியில் மூன்று நாளாகக் கிடந்து கறுத்த ஆயில்.

ஆயிலைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதால் நன்றாகப் பார்த்தார்கள்.

"பாக்கெட்டுல உள்ளது சுத்தமா இருக்கே" என்றான் மாசானம்.

"சுத்தமா இருந்து என்ன செய்ய? அது இதுவரைக்கும் அடுப்பையே பாக்கலையே. நாளைக்கு மிஷின் கொதிச்சா திடீர்னு தாங்குமா?" என்று தளவாய் கேட்டான்.

கொம்பையா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது மூணு நாளா அடுப்பு மேலயே இருந்துருக்கு. எத்தன வடைய வேக வச்சிருக்கும். அண்ணாச்சி சூடு தாங்குற ஆயில்னு சொன்னது இததான்."

அனுபவம் உள்ளதே நல்லது என்று முடிவாயிற்று. அன்னபாக்கியம் ஒரு பாட்டிலில் வடித்துக் கொடுத்தாள். டீ ரெண்டையும் என்ன செய்வது என்று கொஞ்சம் குழப்பம் இருந்தது. ஆயிலைத்தான் பெட்ரோலில் கலக்கச் சொன்னார், டீயை ஊற்றச் சொல்லவில்லை என்று ஆவுடையப்பன் எடுத்துச் சொன்னதால் அதை நான்கு பேரும் பகிர்ந்து குடித்தார்கள். அந்த வாரம் முழுவதிலும் அவர்கள் செய்த தப்பில்லாத காரியம் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை விடிந்தது. மறுநாள் காலை தண்ணீர். வாய்க்காலில் ஒரு புல்கூட அறுபடவில்லை. நாற்றங்கால் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்த செண்பகவடிவு, நாற்றின் நுனி மஞ்சளாக ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாள். அதை அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அதனாலேயே நான்கு பேருக்கும் பயம் வந்தது. நேராக வாய்க்கால் தலைமடைக்குப் போய், கேனில் இருந்த பெட்ரோலில் வடை ஆயிலை ஊற்றினார்கள். அடுத்தது குலுக்க வேண்டும்.

குலுக்கல் எப்படி நடத்துவது என்று அவர்களுக்குத் தெரியும். சீட்டுக் கம்பெனியில் பார்த்திருக்கிறார்கள். நான்கு துண்டுத் தாளில் நான்கு பேர் பெயரை எழுதி, சுருட்டி, ஒரு செம்பில் போட்டு, மாசானம் நன்றாகக் குலுக்கினான். கூடவே வந்திருந்த செண்பகவடிவை எடுக்கச் சொன்னார்கள். ஆவுடையப்பன் பெயர் வந்தது.

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தொரு வயதில் முதல் தடவையாகக் குலுக்கலில் விழுந்திருக்கிறது. எல்லாருக்கும் கும்பிடு போட்டார். கேனைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, பெண்டாட்டியிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனார். பரிசு விழுந்தவரை எப்படித் தடுப்பது என்று மற்றவர்கள் விலகி வழி விட்டார்கள். வீட்டில் அந்த அம்மாள் கேனுக்குப் பொட்டு வைத்து, ஆளை உட்கார வைத்துச் சோறு போட்டு அனுப்ப மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. சுனைமடை ரோடு எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். போக ஒரு மைல், வர ஒரு மைல், கேன் குதித்துக்கொண்டே வந்தது. பெட்ரோலும் ஆயிலும் அதைவிட நன்றாகக் கலக்க வழியே இல்லை.

மிஷினில் ஊற்றினார்கள். மாசானம் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டான். கொம்பையா கயிற்றை இழுத்தார். ஒரு தடவை, ரெண்டு தடவை, ஏழாவது தடவை மிஷின் பெரும் சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. பின்னால் குபுகுபுவென்று புகை வந்தது.

புகையில் வடை வாசம். லேசான வாசம் இல்லை. சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பருப்பு வடை, கறிவேப்பிலையோடு.

மாசானம் மிஷினை இடமும் வலமும் வீசினான். பிளேடு தென்னை உச்சியில் இருந்ததால் வெறும் குழாய்தான் வீசியது. புல் ஒருபக்கம் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. அறுபட வேண்டியது இன்னும் அறுபடவில்லை என்பதை அவனும் கவனித்தான். மிஷின் இப்போதுதான் எழுந்திருக்கிறது, போகப் போகச் சரியாகும் என்று அண்ணன் சொன்னதால் வீசிக்கொண்டே முன்னால் நடந்தான்.

காற்று ஊரைப் பார்த்து அடித்தது. முதலில் தட்டோடு ஆறு பேர் வந்தார்கள். பிறகு வாழையிலை நறுக்கோடு தெற்குத் தெருக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். வாய்க்கால் வேலைக்கு ஊர்ச் செலவில் வடை போடுகிறார்கள் என்று பேச்சாகி, அரை மணி நேரத்தில் ஊரில் ஒருவரும் பாக்கி இல்லை. செண்பகவடிவு ஒழுங்கான பொம்பளை. முண்டியடிக்கக் கூடாது, வரிசையாக உட்காருங்கள் என்றாள். மேலே கரையில் முள். அதனால் வாய்க்காலுக்குள் இறங்கி உட்கார வேண்டியிருந்தது. உட்கார வேண்டுமானால் புல்லைப் பிடுங்க வேண்டும். ஆளுக்கு ஆள் தன் முன்னே இருந்த புல்லைப் பிடுங்கிக் கரையில் எறிந்துவிட்டு, இடத்தைச் சமன் செய்து, இலையைப் போட்டு உட்கார்ந்தார்கள்.

தலைக்கு எத்தனை என்று ஒருவர் கேட்டார். லிட்டருக்கு இருபது மில்லி என்று தளவாய் உண்மையைச் சொன்னான். அது வடையா என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் எண்ணிக்கை தாராளமாக இருப்பதாகப் பட்டது.

அதற்குள் மாசானம் இருபதடி முன்னால் போய்விட்டான். வாசமும் அவனோடு போய்விட்டது. பந்தி அங்கே நடக்கிறது என்று எல்லாரும் இலையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அங்கேயும் புல். பிடுங்கினார்கள், எறிந்தார்கள், உட்கார்ந்தார்கள். மாசானம் இன்னும் முன்னால் போனான். சாயங்காலம் வரை இப்படியே போயிற்று. கடைசிப் பக்கத்தில் கோரை வேர் ஆழமாக இருந்ததால் சிலர் மண்வெட்டி கொண்டுவந்து தோண்டிவிட்டு உட்கார்ந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் மாசானம் வயலுக்கு வந்து சேர்ந்தான். இன்ஜின் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு, இறுகி நின்றுவிட்டது. வாசம் கலைந்தது. இருநூறு பேர் வெறும் இலையோடு வரப்பில் நின்றார்கள். யாருக்கும் வடை கிடைக்கவில்லை. பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு வாய்க்கால் சீவி எடுத்தது போலக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. மதகைத் தாண்டி, வழியில் எதிலும் முட்டாமல், நேராக வயலுக்கு வந்து நின்றது. செண்பகவடிவு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, கையால் அள்ளிப் பார்த்துவிட்டு, கொம்பையாவைப் பார்த்துத் தலையாட்டினாள். கொம்பையா அன்றைக்கு முழுவதும் துண்டை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை நடவு முடிந்தது. டூ ஸ்ட்ரோக் மிஷினுக்கு மூன்று நாள் வடை சுட்ட ஆயில்தான் சரியானது, வேறு எதையும் ஊற்றக் கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு, அதில் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள்.

அடுத்த வாரம் எட்வினுக்கு ஆயில் ஸ்டாக் வந்தது. மனசு கேட்காமல், ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு அவரே ஊருக்கு வந்தார். இறுகிப் போன இன்ஜினைப் பார்த்தார். சுத்தமாக இருந்த வாய்க்காலையும் பார்த்தார். தீர்மானத்தை வாங்கி ரெண்டு தடவை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மிஷினைக் கொண்டுபோய், புது பிஸ்டன் போட்டு, பதினைந்து நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். இந்த வருஷம் இனிமேல் அதற்கு வேலை இல்லை, அடுத்த வருஷம் வரைக்கும் பத்திரமாக வைத்தால் போதும் என்று கேள்விப்பட்டபோது அவர் முகம் தெளிந்தது. நான்கு பேரையும் நிற்க வைத்து மெதுவாகச் சொன்னார்.

"டேங்க்கக் காலி பண்ணுங்க. உள்ள ஒரு சொட்டு இல்லாம துணி வச்சித் தொடச்சிருங்க. பிறகு வெயில் படாம நிழல்ல வச்சிருங்க. அவ்வளவுதான்."

திருப்பிச் சொல்லச் சொன்னார். நான்கு பேரும் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். எட்வின் நிம்மதியாகப் போனார்.

மறுநாள் காலையில் சுனைமடையில் எந்தக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. குடத்தோடு வந்த பெண்கள், தண்ணீர் ரோட்டில் ஓடி வந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது ஊர்க்கோடியில் இருந்த குடிதண்ணீர் டேங்கில் போய் முடிந்தது. நாலு தூண் மேலே நாற்பதடி உயரத்தில் நிற்கிற டேங்க். சுனைமடையில் டேங்க் என்றால் அது ஒன்றுதான். மேலே ஈரத் துணியோடு கொம்பையா உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து மற்ற மூன்று பேரும் துடைக்கிற சத்தம் கேட்டது.

என்ன விஷயம் என்று செண்பகவடிவு கீழேயிருந்து கேட்டாள்.

"காலி பண்ணியாச்சு. தொடச்சிக்கிட்டு இருக்கோம், முடிஞ்சிரும். நிழல்ல எப்படி வைக்கதுன்னுதான் தெரியல" என்று கொம்பையா சொன்னார்.

ஊர் கூடியது. வடம் கட்டி இழுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். இழுத்தாலும் இது அடங்குகிற நிழல் ஊரில் எங்கே இருக்கிறது என்று தளவாய் மேலேயிருந்து கேட்டான். மத்தியானம் வரை பேசினார்கள். கடைசியில் செண்பகவடிவுதான் வழி சொன்னாள். டேங்கை நிழலுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், நிழலை டேங்குக்குக் கொண்டுவர வேண்டியதுதான். அன்றைக்கே தூணுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டார்கள். அது டேங்குக்கு மேலே வளர்ந்து நிழல் விழுகிற வரைக்கும் டேங்கில் சொட்டுத் தண்ணீர் ஏற்றுவதில்லை என்று முடிவாயிற்று.

கன்று இப்போது முழங்கால் உயரம் வந்திருக்கிறது. சுனைமடைப் பெண்கள் தினமும் விடிந்ததும் பக்கத்து ஊருக்கு மூன்று மைல் நடந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்து, அதற்கு ரெண்டு குடம் ஊற்றுகிறார்கள்.